கறுப்பு முனையை வைத்த இடம்

அப்பாவுக்குப் பட்டறையில் பெயர் எர்த்து. முப்பத்தொன்பது வருடம் கார்களுக்கு மின்சார வேலை பார்த்தார். என்ன கோளாறு என்று வண்டி வந்தாலும் முதலில் "எர்த்து போயிருக்கும்" என்பார். ஹாரன் அடிக்கவில்லையா, எர்த்து. வைப்பர் நின்றுவிட்டதா, எர்த்து. டிங்கர் ஒருநாள் பல்வலி என்று தாடையைப் பிடித்தபோது பெயிண்டர், "அண்ணன்கிட்ட காட்டுய்யா, எர்த்தாத்தான் இருக்கும்" என்றாராம். அப்பாவே வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார்.

எர்த் என்றால் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழி. காரின் தகர உடம்புதான் அந்த வழி. கருவிகளிலிருந்து வரும் கறுப்பு ஒயர் அந்த உடம்பில் ஸ்க்ரூவால் முறுக்கப்பட்டிருக்கும். ஸ்க்ரூ துருப்பிடித்தால் நல்ல கருவியும் செத்ததுபோலக் கிடக்கும்.

ஒயரில் கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்க்க அவர் கையில் எப்போதும் ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடி, உள்ளே பல்பு, வாலில் கிளிப். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்த காலத்தில் ஒருமுறை எரிச்சலோடு சொன்னேன்: "இந்தப் பல்பு இழுக்கிற கரண்ட்டுக்குப் புது வண்டியில கண்ட்ரோல் பாக்ஸ் கருகிடும்ப்பா. எல்.இ.டி. போட்டு, கரண்ட்டைக் குறைக்க ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வைங்க." தலையாட்டினார். அதோடு நான் மறந்துவிட்டேன்.

போன வருடம் ஒரு வெள்ளைக் கார் வந்தது. உச்சி வெயிலில் ஹெட்லைட் எரிந்தது, அணையவில்லை. வெளிச்சம் பார்த்து விளக்கை ஏற்றி அணைக்கும் சென்சார் முன்கண்ணாடியில் இருக்கும். அதிலிருந்து பதில் வராவிட்டால் கண்ட்ரோல் பாக்ஸ் இருட்டு என்று எடுத்துக்கொள்ளும். அப்பா மூன்று நாள் மல்லாடினார். டேஷ்போர்டைக் கழற்றி எர்த் பார்க்க வேண்டும் என்றார். முதலாளி விடவில்லை.

"இதுவும் எர்த்தாய்யா? சனிக்கிழமைக்குள்ள லைட் அணையல, நீ வாட்டர் வாஷுக்குப் போயிடு."

"என் பொண்ணு இன்ஜினியருங்க. அது வந்து ஒரு தடவை பார்க்கட்டும்."

போனேன். சென்சார் பிளக்கைக் கழற்றினேன். வோல்ட் மீட்டரின் சிவப்பு முனையைச் சப்ளை ஒயரில் வைத்தேன். கறுப்பு முனையை அதே பிளக்கின் எர்த் ஒயரில் வைத்தேன். கண்ட்ரோல் பாக்ஸிலிருந்து ஐந்து வோல்ட் வர வேண்டும். பூஜ்யம்.

"கண்ட்ரோல் பாக்ஸ் போச்சு. இதுல டெஸ்ட் லேம்ப் வெச்சீங்களாப்பா?"

"வெச்சேன்."

முதலாளி கையைத் தட்டினார். "கேட்டியா எர்த்து? நீ பெத்ததே சொல்லுது."

"எர்த்த ஒரு தடவை பார்த்துட்டா..."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பாப்பா, நீ சொன்னதுக்கப்புறம் லேம்ப்புல நான்..."

"சும்மா இருங்கப்பா. மீட்டர் பொய் சொல்லாது."

புதுக் கண்ட்ரோல் பெட்டி மாட்டினார்கள். விளக்கு சொன்ன பேச்சு கேட்டது. திங்கட்கிழமை அப்பா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாஷ் ரேம்ப்பில் நின்றார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மூணு நாள் நான் கிழிச்சத அது அஞ்சு நிமிஷத்துல முடிச்சுது. கருக்கினது நான்தான்" என்றார். பெருமையாகவே சொன்னார்.

நான்காம் மாதம் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. இரண்டு நாள் இருந்தார்.

அவருடைய டூல் பாக்ஸை எடுத்துவரப் பட்டறைக்குப் போனபோது அதே வெள்ளைக் கார் வாசலில் நின்றது. மதியம் பன்னிரண்டு மணிக்கு ஹெட்லைட் எரிந்தது.

"உங்கப்பன் கை வெச்ச வண்டி. போயும் மானத்த வாங்குறான் பாரு" என்றார் முதலாளி.

யாரையும் கேட்காமலே சென்சார் பிளக்கைக் கழற்றினேன். சிவப்பு முனை சப்ளையில். கறுப்பு முனையை இந்த முறை கதவு போல்ட்டில், காரின் உடம்பில் வைத்தேன். ஐந்து. மறுபடி எர்த் ஒயரில் வைத்தேன். பூஜ்யம். அன்று செத்திருந்தது எர்த் ஒயர். செத்த ஒயரை வைத்து நல்ல பெட்டியை அளந்திருக்கிறேன்.

டேஷ்போர்டைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. எர்த் ஸ்க்ரூ பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. விரல் பட்டதுமே சுற்றியது. பெட்டி மாற்றியபோது ஒயர் அசைந்து தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் நான்கு மாதம் நான் சொன்னது சரியாக இருந்தது.

"தப்பு என்னோடது சார். அப்பா சொன்ன மாதிரி எர்த்துதான்."

முதலாளி ஸ்க்ரூவைப் பார்த்தார். "சரி, அவன் வந்து கேக்கவா போறான்? வண்டிக்காரர் காதுல போட்டுடாத. எர்த்து கருக்கினதாவே இருக்கட்டும்."

வண்டிக்காரர் உள்ளே உட்கார்ந்திருந்தார். போய் எல்லாவற்றையும் சொன்னேன். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு, அந்த வாஷ் பண்றவரா? எனக்கு லைட் அணைஞ்சா போதும்மா."

வீட்டில் அப்பாவின் டூல் பாக்ஸைத் திறந்தேன். மேலேயே டெஸ்ட் லேம்ப் இருந்தது. பிடியைத் திருகினேன். உள்ளே பல்பு இல்லை. எல்.இ.டி., பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர். சாலிடர் சுத்தமாக இருந்தது. பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடுகள்.

ஒரு கிலோ ஓம்.