அறுபத்தேழு கிலோவும் ஒரு வெள்ளி அரைஞாணும்

என்னைப் பெண் பார்க்க வந்தவரின் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கல்பாக்கத்தில் அரசு வேலையில் இருந்த என் அப்பா, அதைக் கவனிக்காதவர்போல், "வேலை பெர்மனென்டா?" என்று கேட்டார்.

"தோக்காத வரிக்கும் பெர்மனென்ட்தான் சம்பந்தி" என்றார் என் வருங்கால மாமியார்.

மாப்பிள்ளை தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர். வெல்டர்வெயிட் சாம்பியன். அப்பாவுக்குச் சாம்பியன் புரிந்தது, மற்றது புரியவில்லை. எனக்கும் கல்யாணத்துக்குப் பிறகுதான் புரிந்தது. சண்டைக்கு முன்னால் எடை பார்க்கும்போது உடம்பு அறுபத்தேழு கிலோவைத் தொடக் கூடாது. அதற்காக ஒரு மாதம் எங்கள் ஊரப்பாக்கம் வீட்டு அடுப்பு துக்கம் கொண்டாடும். வஞ்சிரம் வறுத்தால் மனிதர் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவார். முட்டையில் வெள்ளையை மட்டும் தின்பார். மஞ்சள் கரு என் தட்டுக்கு வரும். அவர் குறைத்ததெல்லாம் என் மேல் ஏறியது.

மே மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஓடுவார். "இன்னா அண்ணாத்த, குளுருதா?" என்று பஸ்ஸிலிருந்து குரல் வரும். காய்கறிப் பையோடு எதிரே வரும் நான் யாரோ எவரோபோல் நடந்துவிடுவேன்.

தொண்ணூறுகள் முழுக்கப் பட்டம் எங்கள் வீட்டு பீரோவில்தான் இருந்தது. ஒரு சண்டையைக்கூட நான் கண்திறந்து பார்த்ததில்லை. அவருக்கு நாற்பது நெருங்கியபோது, போதும் என்றேன். "இன்னும் ஒரே ஒண்ணு. பட்டத்தோட வூட்டுக்கு வந்துர்றேன்" என்றார். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அந்தக் கடைசிச் சண்டைக்கு மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எடை பார்த்தார்கள். நானும் மாமியாரும் கூடப் போயிருந்தோம். எடை கூடினால், ஒரு குத்துகூட வாங்காமலே பட்டம் போய்விடும். முள் மயிரிழை தாண்டி நின்றது. ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். கயிறு தாண்டினார். தலையை மழித்தார். அவ்வளவு ஆசையாக வளர்த்த மீசையையும் எடுத்தார். முள் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் துண்டை மறைப்பாகப் பிடிக்க, எல்லாத் துணியையும் அவிழ்த்தபோது, எடை பார்ப்பவர் கேட்டார்: "இடுப்புல இன்னாபா அது?"

வெள்ளி அரைஞாண். மாமியார் போட்டுவிட்டது, நல்ல கனம். எங்கள் பக்கத்தில் அது ஆம்பிளை இடுப்பை விட்டு இறங்குவது உயிர் போன பிறகுதான்.

"என் கண்ணு முன்னாடி அத்த கழட்டுவியா?" என்று வாசலிலிருந்து அலறினார் மாமியார். எத்தனையோ பேரின் குத்தை வாங்கிய மனிதர் அம்மாவின் குரலுக்கு நடுங்கி, "வேணாம், பட்டம் போனா போவுது" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. ஒரு மாதப் பட்டினி வீணாவதா?

துண்டுக்குப் பின்னால் நுழைந்தேன். கட்டின புருஷன்தானே, எனக்கென்ன வெட்கம்? முந்தானைக் குஞ்சத்திலிருந்து நூல்களைப் பிடுங்கித் திரித்தேன். "இடுப்பு வெறுமையா இருக்கக் கூடாது, அவ்வளவுதானே அத்தை?" என்று வெள்ளிக்கு மேலேயே கட்டி மூன்று முடிச்சுப் போட்டேன். திருவிடந்தைக் கோயிலில் அவர் எனக்குப் போட்டதுபோல. எடை பார்ப்பவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் வெள்ளி இறங்கியது. முள்ளும் இறங்கியது.

மறுநாள் சண்டையை முதல்முறையாகக் கண்திறந்து பார்த்தேன். பாயிண்டில் தோற்றார். வீங்கிய கண்ணோடு வந்து, "பட்டம் இல்லாம வந்துட்டேன்" என்றார். ஆள் முழுசாக வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. அழுதுவிட்டேன். அன்றிலிருந்து வஞ்சிரம்தான், மஞ்சள் கருவும் அவருக்கே.

பிறகு ஒரு நாள் மாமியார் வெள்ளி அரைஞாணை எடுத்து வந்தார். மகன் இடுப்பைச் சுற்றி அது பாதிக்கு மேல் கொஞ்சம்தான் போனது. தட்டானிடம் கொடுத்து நீட்டித் தருவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் நூலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "வேணாம்மா, இதுவே இருக்கட்டும். இது பெர்மனென்ட்" என்றார்.

நூல் இற்றுப்போகும்போதெல்லாம் நான்தான் புதிது கட்டுகிறேன்.