குறுக்கே பேசாத ஒரு நாள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. அந்தக் காரில் கற்றுக்கொள்பவர் பக்கம் ஒரு பிரேக், அவள் பக்கம் ஒரு பிரேக். எதிரே நாய் வந்தாலும் அமுக்குவாள், நாய் வரலாம் என்று தோன்றினாலும் அமுக்குவாள். இத்தனை வருஷத்தில் அவள் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. என்ன, அவளிடம் பழகியவர்கள் தனியாக ஓட்டத் துணிவதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும்.

வீட்டிலும் அதே கதைதான். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பேச்சில் அவசரமே கிடையாது. "இன்னிக்கு வேலையில..." என்று ஆரம்பித்து அவர் மூச்சு விடுவதற்குள், "மறுபடியும் சம்பளத்த தள்ளிப் போட்டுட்டானா? எனக்கு அப்பவே தெரியும்" என்று அவள் முடித்து வைத்துவிடுவாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். அக்கம்பக்கத்தில் கேட்டால், இவ்வளவு ஒத்துப்போகும் ஜோடி உண்டா என்பார்கள்.

அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மொட்டை மாடி வரை ஏறி இறங்குகிற வேலை இனி ஆகாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஆனால் அதற்குப் பணியிடப் பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும். மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். அவரைத் தனியாக அனுப்ப மனசு வராமல் அவளும் சேர்ந்தாள். சும்மா துணைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டாள். அதை அவளே நம்பினாளா என்பது வேறு விஷயம்.

கடைசித் தேர்வு, இருவர் இருவராக ஒரு பிரசன்டேஷன். பயந்துபோனவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது இவர்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குபவர்களைப் பற்றி அவள், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அவர். முன்னோட்டத்தின்போது அவர் பேசப் பேச இவள் குறுக்கே புகுந்தாள். ஒரு தடவை இல்லை, அவர் வாய் திறந்த போதெல்லாம்.

பேராசிரியை பேனாவை மூடிவிட்டார். "சார், உங்க பகுதியையும் உங்க மனைவிதான் பேசினாங்க. உங்களுக்கு நான் எதுக்கு மார்க் போடறது? ஃபைனல்ல இவங்க ஒரு வார்த்தை குறுக்க பேசினாலும் நீங்க ஃபெயில். அப்புறம் அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் வரை அந்த சூப்பர்வைசர் இடம் காத்திருக்காது.

தேர்வு நாள் காலையில் சமையலறையில் ஒத்திகை நடந்தது. பள்ளிக்கூடம் போகும் மகள்தான் நீதிபதி. "அம்மா, வாயில தண்ணி வச்சுக்க. அப்பா முடிக்கிற வரைக்கும் முழுங்கக் கூடாது" என்றாள். அவளும் கன்னம் உப்ப நின்றாள். அவர் முதல் தடவை நிறுத்தியபோது தாக்குப்பிடித்தாள். இரண்டாவது தடவை மடக்கென்று விழுங்கிவிட்டு, "அதாவது என்ன சொல்ல வர்றார்னா..." என்று ஆரம்பித்தாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஃபெயிலானா பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நான்தான் வரணுமா?"

அவர் சட்டை மாற்றப் போனார். அப்போதுதான் அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். சும்மா ஒரு பார்வை பார்க்கத்தான். அவருடைய மூன்றாவது ஸ்லைடு முழுக்கப் பொடி எழுத்தில் வரிகள். இதை யார் படிப்பார்கள்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'பதறாதே, பேசு, திற' என்று கொட்டை எழுத்தில் போட்டு ஒரு லிஃப்ட் படத்தையும் ஒட்டினாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பஸ்ஸில் அவர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தபடி வந்தார். இப்போது போய்க் கலைப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் வாயை மூட அவள் தேர்ந்தெடுத்த நேரம் அது.

வகுப்பறையில் பேராசிரியையும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். அவள் பகுதி மடை திறந்த மாதிரி ஓடி முடிந்தது. ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவர் எழுந்தார். முதல் ஸ்லைடு ஆயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவதை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார்.

அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அந்த மூன்று வார்த்தைகளைத் தவிரத் திரையில் அவர் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எழுந்து, நான்தான் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் பிழைக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஃபெயில். செய்தது அவள், முழித்துக்கொண்டு நிற்பது அவர். கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

"தொடரலாமே சார்" என்றார் தேர்வாளர்.

அவர் தொடரவில்லை. அவள் பக்கம் திரும்பி அவளையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரு கணம் இப்படியே போனால் தன்னால் முடியாது, வாய் தானாகத் திறந்துவிடும் என்று தோன்றியது. கைக்குட்டையைக் கடித்தாள்.

ரிமோட்டை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"இந்த ஸ்லைடு நான் எழுதினது இல்லைங்க. வீட்ல சரி பண்ணியிருக்காங்க" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இதுல 'திற'ன்னு போட்டிருக்கு. திறக்கக் கூடாது. லிஃப்ட் நடுவுல நின்னா, உள்ள இருக்கிறவங்க கதவத்தான் இழுப்பாங்க. அதுதான் ஆபத்து. நான் வெளிய நின்னு, உள்ள எத்தனை பேருன்னு கேப்பேன். கேட்டுட்டு..." நிறுத்தினார். அவள் கைக்குட்டையை இன்னும் இறுக்கி அழுத்தினாள். "கேட்டுட்டு, அவங்க பதில் சொல்ற வரைக்கும் பேசாம இருப்பேன். பயந்தவங்களுக்கு வாய் வர நேரமாகும். ஒரு தடவை ஒரு அம்மா பதிலே சொல்லல. கதவுல காத வச்சுக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சு, 'இருக்கீங்களா'ன்னு கேட்டாங்க. இருக்கேம்மான்னேன். அதுக்கப்புறம் அவங்க கதவத் தொடல."

நிறுத்தி நிறுத்தி, கடைசி வரை அவரே பேசினார். தேர்வாளர் கேட்ட கேள்விகளுக்கும் அவரே பதில் சொன்னார். பேராசிரியை எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "ஸ்லைடு குழப்பத்துக்கு ரெண்டு பேருக்கும் மார்க் குறைச்சிருக்கேன். ஆனா பாஸ் பண்ணிட்டீங்க சார். வாழ்த்துகள்."

வெளியே வந்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்குமா? "நான் மாத்தினது தப்புதாங்க. ஆனா பாத்தீங்களா, வாயே திறக்கல! நீங்க மறந்துட்டு நிக்கிறீங்களேன்னு நான் செத்தே போயிட்டேன்."

"மறக்கல" என்றார்.

"அப்புறம் ஏன் நின்னீங்க?"

"நீ பேசுவன்னு பழக்கத்துல நின்னுட்டேன். எப்பவும் அப்படித்தானே."

அவள் சிரித்தாள். "அதான், நீங்க நினைக்கிறத நான் டக்குன்னு சொல்லிடறேன் இல்ல?"

அவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மெதுவாகக் கீழே வைத்தார். "நீ சொல்றது முக்காவாசி நான் சொல்ல வந்ததே இல்ல."

"ஐயோ, அப்ப எதுக்குங்க ஆமா ஆமான்னு தலையாட்டினீங்க?"

"இல்லன்னு சொன்னா, ஏன் இல்லன்னும் நீயே சொல்லிடுவ."

அவளுக்கு அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. எத்தனை சாப்பாட்டு வேளை, எத்தனை ராத்திரி, எத்தனை "இன்னிக்கு வேலையில". "அப்ப இத்தனை வருஷமா நீங்க சொல்ல வந்ததெல்லாம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, முதல் தடவையாக, பதில் என்னவென்று தெரியாமல் நின்றாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"மறந்துபோச்சும்மா" என்றார், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அங்கேயே படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதாள்.