ஒரு போனில் இரண்டு பேர் படித்த வகுப்பு

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளை நானும் ஓர் அக்காவும் பார்த்துக்கொண்டோம். லயத்து வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த வீடு அவளுடையது. எங்களுக்கு மேலிருந்த பொறுப்பாளர் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடத்துக்கு வர ஒன்லைனில் நிர்வாகப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று ஒபிசில் சொன்னார்கள். முன்பென்றால் ஹட்டனுக்குப் போய் நாள் முழுக்க உட்கார வேண்டும். இப்போது ஒரு போன் போதுமாம்.

அந்தப் போன்தான் என்னிடம் இல்லை. என்னுடையது பட்டன் போன். அக்காவிடம், கொழும்பில் வேலை செய்யும் மகள் வாங்கிக் கொடுத்த நல்ல போன் இருந்தது. அவள் பெயரில் பதிந்துவிட்டு இருவரும் சேர்ந்து படிக்கலாம் என்று யோசனை சொன்னவளே நான்தான். லயத்தில் ஒரு வீட்டு டிவியைப் பத்து வீட்டார் பார்ப்போம். ஒரே குழாயில் இருபது வீட்டுக் குடங்கள் நிறையும். படிப்பும் அப்படித்தான் என்று நினைத்தேன், மடச்சி.

ஞாயிற்றுக்கிழமைகளில், சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தாங்கி மேட்டுக்கு ஏறுவோம். காலில் அட்டை கடிக்கும். டேட்டா தீர்ந்துவிடும் என்று எங்கள் முகம் தெரியும் வீடியோவை நிறுத்தி வைத்திருப்போம். அக்காவுக்குப் பாடம் சட்டென்று ஏறாது. பணிப் பட்டியல் போடுவது, பெற்றோர் கூட்டம் நடத்துவது, எல்லாக் கேள்விக்கும் நான்தான் பதில் சொன்னேன். வகுப்பெடுத்த மிஸ் அக்காவின் பெயரைச் சொல்லிப் பாராட்டுவார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எனக்கு அப்போது அது வேடிக்கையாகவே இருந்தது.

சான்றிதழ் அவள் பெயருக்கு மட்டும் வந்தது.

"நீ ஏன் கவலப்படுற? ரெண்டு பேருந்தான் படிச்சோம்னு நா சொல்றேன்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம்பினேன்.

நேர்முகத்துக்கு வந்த அதிகாரி எங்கள் இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார். மடிக்கணினியைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஒங்க பேரு இதுல இல்லையேம்மா" என்றார்.

"நாங்க சேந்துதான் படிச்சோம் சேர். அக்காகிட்டயே கேளுங்க."

அவர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"தொணைக்கு வருவா சேர். மழ பேஞ்சா கொட புடிப்பா."

கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். வகுப்பில் கேட்ட ஒரு கேள்வியையாவது அவளிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

வேலை அவளுக்குக் கிடைத்த அன்று மாலை கேக் கொண்டுவந்தாள். "கோவிச்சுக்காதடி. இருக்கிறது ஒரு வேலதானே" என்றாள். நான் கதவைச் சாத்தினேன்.

கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன் என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பொய். அந்த வேலை எனக்கும் வேண்டியிருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். என்னை அவ்வளவு தெரிந்தவள்தான் இதைச் செய்தாள்.