விளம்பரத்துக்காரியும் கம்பெனி பஸ்ஸும்

அரசு கொடுத்த இலவச டிவிதான் அந்த வீட்டில் எனக்கு வாய்த்த ஒரே எதிரி. சாயங்காலம் சீரியலுக்கு நடுவே அந்த மசாலா விளம்பரம் வரும். தலை நிறைய மல்லிகைப்பூ, கசங்காத புடவை, விடிந்தும் விடியாமலும் மேசை கொள்ளாத பலகாரம். புருஷன் ஒரு வாய் தின்றுவிட்டுச் சிரிப்பான். அதோடு அவள் ஜென்மம் சாபல்யமாகிவிடும். என் மாமியார் வெற்றிலை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டு அதையே பார்ப்பார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பக்கத்துக் கம்பெனியில் இருந்தவரை விரும்பிக் கட்டிக்கொண்டு வடக்குப்பட்டுக்கு வாழ வந்தேன். வேற்றூர்க்காரி என்று முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்ட வீடு. அதில் ஒரு குறையும் வைத்துவிடக் கூடாதே என்று பதறினேன். மாமியார் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. நானாகவே அந்த விளம்பரத்துக்காரியாகிவிடுவது என்று முடிவுகட்டினேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஐந்தரைக்கே வந்துவிடும். இட்லி, இரண்டு சட்னி, வடை என்று அடுப்போடு மல்லுக்கட்டி, ஒரே மாதத்தில் இரண்டு முறை பஸ்ஸை விட்டேன். நானோ கான்ட்ராக்ட். இன்னொரு நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

மூன்றாவது முறை பூரி. தெருமுனையில் ஹாரன் கேட்கிறது. எண்ணெய் அடுப்பில், மாவு என் கையில். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலை போய்விடும் அத்தை என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமியார் அடுப்பை அணைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி, புறப்பட்ட பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். டிரைவர் கத்தினார். மாமியார் அசையவில்லை.

யூனிஃபார்மெல்லாம் மாவோடு பின்னாலேயே ஓடிவந்து படியில் கால் வைத்தேன்.

"அந்த விளம்பரத்த அப்படிப் பாத்தியளே அத்தை, அதான்..." என்றேன்.

"அவ நின்னுகினு ஆக்குறா பாரு, அந்த அடுப்பு மேடையத்தான் பாத்தேன். நானு காலமெல்லாம் குந்திக்கினே ஆக்குனவ," என்றார். என் கன்னத்திலிருந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டார். "அவளுக்கு இன்னா, பஸ்ஸா கீது? உனுக்கு கீது. ஏறு."

அங்கேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது. அதற்குள் என்னை ஏற்றிக்கொண்டு பஸ் நகர்ந்துவிட்டது.