கேத்தரினின் ஓவன்

பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள் கேத்தரின். பூசைக்குப் போகும்போது பாதி வழியில் நின்று, "பாலை மூடி வெச்சேனா?" என்பாள். அவள் கணவர் ஆம்ப்ரோஸ் இதைக் கேலி செய்தே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார்.

சுதந்திரம் வந்த வருஷம் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்திடம் வாங்கியது அவர்கள் வீட்டு மின்சார ஓவன். அதில்தான் இப்போது கேத்தரினின் அக்காள் மகள் மௌரீனின் கல்யாணக் கேக் வேக வேண்டும். ரம்மில் மாதக்கணக்காக ஊறிய திராட்சை முழுவதும் மாவில் சேர்ந்துவிட்டது. கெட்டால் இன்னொரு கேக்குக்கு வழியில்லை. சனிக்கிழமை கல்யாணம்.

கேத்தரின் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மாவு ஊற்றி வைத்துப் பார்த்தாள். மேலே கரி, உள்ளே பச்சை மாவு. டயலைக் குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனது.

கோயில் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் ரெமிஜியஸ் வந்தான். மெயினை அணைத்து, ஓவன் ஆறும்வரை டீ குடித்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்தான். பின்சுவரை ஒட்டி மெல்லிய செம்புக் குழாய் ஒன்று ஓடியது.

"சூட்டை மோப்பம் பிடிக்கிறது இதுதான்க்கா. உள்ள எண்ணெய் மாதிரி ஒண்ணு இருக்கும். சூட்டுல அது விரிஞ்சா கரண்ட் தானா கட்டாகும். இங்க பாருங்க, மடங்குற இடத்துல விரிசல். எல்லாம் ஒழுகிடுச்சு. இனி இதுக்கு எப்பவும் மார்கழிதான், சூடு போதலைன்னு ஏத்திக்கிட்டே இருக்கும்." குழாயை மறுபடி பார்த்தான். "ஆமா, இது ஏன் இப்படிப் பளபளங்குது?"

"செம்பாச்சேப்பா... சனிக்கிழமையானா புளி போட்டுத் தேய்ப்பேன்."

"அந்தத் தேய்ப்புலதான்க்கா விரிஞ்சிருக்கு."

"கோயில் பீடத்து மெழுகுவத்தித் தண்டுன்னு நெனச்சியா, கேட்டி?" ஆம்ப்ரோஸ் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

புதுக் குழாய் பம்பாயிலிருந்து வர வேண்டும்; சனிக்கிழமைக்குள் வராது. "பேச்சுக்குச் சொல்றேன், பேக்கரியில குடுத்துடுங்களேன்" என்றான் ரெமிஜியஸ்.

"ரொட்டி சுடுற சூட்டுலயா? செங்கல்லா வரும்." கேத்தரின் ஓவனின் ஒயர் போகும் சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "சுவத்து ஸ்விட்சைக் கையால போட்டுப் போட்டு அணைச்சா?"

"செய்யலாம். ஆனா சூடு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

"வெள்ளைக் காகிதம் வெப்பேன். டயலை நான் என்னிக்கு நம்புனேன்?"

பொய்யில்லை. டயல் நன்றாக இருந்த நாளிலும் காகிதத் துண்டு வைத்துப் பார்க்காமல் அவள் கேக்கை உள்ளே விட்டதில்லை. அவநம்பிக்கையை நற்குணம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவளை அது தூங்கவிட்டதில்லை. அன்றைக்கு அது உதவியது, அவ்வளவுதான்.

கேக்கை உள்ளே வைத்து, ஸ்டூலைப் போட்டு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காகிதம் வெளிறிய மஞ்சளானால் அணைப்பாள். அடுத்த துண்டு வெள்ளையாகவே இருந்தால் போடுவாள். கதவைத் திறந்தால் சூடு ஓடிவிடும், திறக்காவிட்டால் தெரியாது. பிற்பகலில் தோள் மரத்துப்போய், ஆம்ப்ரோஸை உட்காரவைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

"கேட்டி! இது மஞ்சளா, பழுப்பா? சீக்கிரம் வாயேன்!"

"அணைங்க! மொதல்ல அணைங்க!"

சோப்பு முகத்தோடு ஓடி வந்தாள். பழுப்பின் தொடக்கம். ஆம்ப்ரோஸ் வேர்த்துப்போய் நின்றார். ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, காகிதத் துண்டு கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

பொழுது சாயும்போது கேக்கை வெளியே எடுத்தார்கள். குத்திய ஊசி சுத்தமாக வந்தது. ஒரு பக்கம் கறுத்திருந்தது; அதைச் சீவி ஐசிங் பூசி மறைத்தாள். நடுவில் வெந்ததா என்பது மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஊசி ஓரிடத்தில்தானே இறங்கியது?

சனிக்கிழமை மண்டபத்தில் மௌரீன் கத்தியை இறக்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள். கேத்தரின் தட்டவில்லை. கேக்கின் வெட்டிய பக்கத்தை எட்டிப் பார்த்தாள், நடுத்துண்டை வாங்கி விரலால் அழுத்தினாள். ஈரமில்லை. பிறகுதான் நிமிர்ந்து மணப்பெண்ணைப் பார்த்தாள்.