மாணிக்கமும் வற்றிப்போன ஓடையும்

கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயிலிருந்து வந்த கப்பலின் தபாலைப் பிரித்துக் கொடுக்க இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு இருந்தது ஒரே ஓர் இன்லண்டு கடிதம், இந்தியில். எழுதியிருந்தவள் மாணிக்கத்தின் மகள் லட்சுமி. இந்தத் தீவுகளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு எழுத வருவது இந்திதான். அப்பா காலமாகிவிட்டார், காலையில் மேட்டுப் பக்கம் போய்விட்டு வந்தவர் களைப்பாக இருக்கிறது என்று படுத்தார், பிறகு எழுந்திருக்கவில்லை என்று நாலு வரி. தேதியைப் பார்த்தேன். எல்லாம் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்த கப்பல் எப்போது என்று நான் விசாரிக்கவில்லை. கால்கள் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. போர்ட் பிளேயரில், குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டு வாசற்படி இறங்கவே யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. போக முடியாதவன் எழுதத்தான் முடியும்.

மத்திய அந்தமானில் எங்களோடு நில அளவையில் இருந்தவர்களுக்கும், அங்கே ஒரு பள்ளத்தாக்கில் குடியேறியவர்களுக்கும் மாணிக்கத்தைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அவர் சங்கிலிக்காரர். நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் முன்னால் போகிற ஆள். மறுமுனையில் நோட்டுப் புத்தகத்தோடு நான் போவேன். எங்களுக்கு வழி வெட்டிக்கொடுக்க ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த கூலியாள் ஒருவர். மாணிக்கம் திண்டுக்கல் பக்கம். கூலி ஒப்பந்தத்தில் தீவுக்கு வந்து, ஒப்பந்தம் முடிந்த பிறகும் திரும்பாமல் தங்கியவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஆனாலும் அவர் என்னை 'சார்' என்பார், நான் அவரை 'நீ' என்பேன். 'அவர்' என்று எழுதுவது இப்போதுதான்.

அந்த மலைகளுக்கு அப்போது பெயர் கிடையாது. எங்கள் தாளில் உயரத்தைக் குறிக்கும் எண் மட்டும் இருக்கும். மாணிக்கத்துக்கு எண் போதாது. அட்டைகள் கால் தெரியாமல் மொய்த்த மேட்டுக்கு 'ஜோங்க் டிக்ரி' என்று பெயர் வைத்தார். இந்தியில் அட்டை மேடு. வேர்கள் சுவர் சுவராக எழும்பி நின்ற ஒரு பெரிய மரம் 'கச்சேரி', அதாவது ஆபீஸ். அதன் இரண்டு வேர்களுக்கு நடுவே மழைக்கு மூன்று பேரும் ஒண்டியிருக்கிறோம். மலையின் முதுகுபோல நீண்டு கிடந்த மேட்டின் மேல் மொட்டையாக ஒரு பாறை உண்டு. அதில் ஏறினால் கிழக்கே கடல் தெரியும். ஏறிய முதல் நாள் அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படுத்தினேன். கப்பல் வருகிற திசை எது என்று கேட்டார், காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பாறைக்கு 'கப்பல் பாறை' என்றே பெயர். இதெல்லாம் ஆபீசில் ஒருவரும் ஏற்கமாட்டார்கள் என்றேன். ஆபீஸ்காரர்கள் இங்கே நடக்கப் போகிறார்களா என்று கேட்டார்.

மெதுவாக நடப்பார். நான் முன்னால் ஓடி, மூச்சு வாங்கி, உட்கார்ந்திருக்கும்போது ஒரே சீராக வந்து சேருவார். "மெதுவா போங்க சார், திரும்பியும் வரணும்ல" என்பது அவர் தினமும் சொன்ன வார்த்தை.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு டிசம்பரில் அந்தப் பள்ளத்தாக்கை அளந்து முடித்தோம். மேடும் காடும் தாண்டி உள்ளே மண் கறுப்பாக, வயலுக்கு ஏற்றதாக இருந்தது. நடுவே ஒரு நாலா, முழங்கால் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. தீவில் எல்லோரும் ஓடையை நாலா என்றுதான் சொல்வோம். நான் தாளில் குறிக்கப் பேனாவை எடுத்தபோது மாணிக்கம் பக்கத்தில் வந்து குந்தினார்.

"டிசம்பர்ல எந்த நாலாதான் சார் ஓடாது? மார்ச்சுல ஒரு தடவ வந்து பாத்துட்டு எழுதுவோம்."

எனக்கு ஒரு வாரமாக மலேரியாக் காய்ச்சல். குடியேறும் குடும்பங்கள் கல்கத்தாவில் கப்பலுக்குக் காத்திருப்பதாகவும், படத்தை உடனே அனுப்பும்படியும் அலுவலகத்திலிருந்து ஆள் வந்திருந்தான். மறுபடி இவ்வளவு தூரம் நடப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. 'வற்றாத ஓடை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாணிக்கம் எழுந்து போய்ச் சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

குடும்பங்கள் வந்தன. கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள். காட்டை வெட்டினார்கள், மூங்கிலில் குடிசை போட்டார்கள். மார்ச் பிறந்ததும் நாலா குட்டை குட்டையாகப் பிரிந்தது. மாதம் முடிவதற்குள் ஈரமணல்தான் மிச்சம். நாங்கள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பெண்கள் மணலைத் தோண்டி, ஊறிவந்த சேற்று நீரைச் சேலையில் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். நிமாய் என்று ஒருவர், என் வயதுதான் இருக்கும், எங்கள் சங்கிலியைப் பார்த்து என்னை இன்னார் என்று கண்டுகொண்டு நேராக வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"பாபு, நக்சே மே பானி ஹை. நாலே மே நஹி."

படத்தில் தண்ணீர் இருக்கிறது, ஓடையில் இல்லை. அந்த வாரம் அவருடைய கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்தது. தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மாணிக்கம் என்னிடம் 'அன்றே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை பேசவில்லை. சேற்றில் காட்டுப்பன்றிகளின் குளம்புத் தடத்தைக் காட்டினார். இத்தனை பன்றி உயிரோடு திரிகிறது என்றால் மேலே எங்கேயோ தண்ணீர் இருக்கிறது என்றார். மறுநாள் காலை ஏறினோம். நிமாயும் கூட வந்தார். குழந்தையைப் புதைத்து மூன்றாம் நாள் அது. வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

மூன்று நாள் அந்த முதுகுமேட்டில் தடம் பார்த்து அலைந்தோம். தடம் பாறையில் ஏறினால் தொலைந்துபோகும். அப்போதெல்லாம் மாணிக்கம் நின்று, எந்தப் பக்கம் பிரம்பு பச்சையாக இருக்கிறது என்று பார்ப்பார். நாங்கள் கொண்டுபோன தண்ணீர் இரண்டாம் நாளே தீர்ந்தது. அன்று காட்டுக்கொடியை வெட்டி அதில் சொட்டிய நீரைக் குடித்தோம். மூன்றாம் நாள் மத்தியானம், கப்பல் பாறைக்கு மறுசரிவில், ஒரு கல்லுக்கு அடியிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நிமாய் அதன் முன்னால் உட்கார்ந்தார். குடிக்கவில்லை. கையை மட்டும் அதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நாங்கள் இருவரும் தள்ளிப்போய் நின்றோம்.

சுற்றாமல் நேராக இறங்கினால் அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு ஒன்றரை மணி நேர நடைதான். எல்லோருமாகச் சேர்ந்து பாதை வெட்டினோம். கடைசிச் சரிவில் படி செதுக்கும்போது கல் பெயர்ந்து, மாணிக்கம் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே விழுந்தார். வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. கட்டிலில் வைத்துத் தூக்கி இறக்கினோம். அந்தக் கால் அதற்குப் பிறகு சரியாக மடங்கவில்லை.

விசாரணைக்கு ஒரு பெரிய அதிகாரி படகில் வந்தார். படத்தை விரித்து, இந்த வார்த்தை எப்படி வந்தது என்று என்னைக் கேட்டார். இந்த வருடம் மழை குறைவு என்றேன். அவர் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த மாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். மாணிக்கம் தனக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொன்னார். தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

"சார்தான் எழுதினாரு. மார்ச்சுல பாத்துட்டு எழுதலாம்னு நான் சொன்னேன். அவருக்கு அப்ப காய்ச்சல்."

என்னை வெளிவேலையிலிருந்து எடுத்து, போர்ட் பிளேயரில் படம் வரையும் மேசையில் உட்காரவைத்தார்கள். நான் புறப்பட்ட அன்று மாணிக்கம் கம்பை ஊன்றிக்கொண்டு படகுத்துறைக்கு வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் முதுகைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்கள மாட்டிவிடணும்னு சொல்லல சார். அந்த வார்த்தை மேப்புல இருந்தா அடுத்த கப்பல் ஆளுங்களயும் இங்கதான் அனுப்புவாங்க."

படகு கிளம்பும்வரை நான் திரும்பவில்லை.

அடுத்த கப்பலில் வந்தவர்களை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். பள்ளத்தாக்கில் இருந்த குடும்பங்களிலும் பாதியை வேறிடத்துக்கு மாற்றினார்கள். மீதிப்பேர் அந்தப் பாதையில் தண்ணீர் சுமந்தார்கள். பின்னால் மூங்கில் குழாய் போட்டுப் பாதி வழிவரை கொண்டுவந்ததாகக் கேள்விப்பட்டேன். மாணிக்கத்தைச் சங்கிலி வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் காவலுக்குப் போட்டார்கள்.

பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் அவர் என் அலுவலக மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறி வந்து நின்றார். கிரேட் நிக்கோபாரில் குடியேற்றம் ஆரம்பித்திருந்தது. காவல் வேலையை விட்டுவிட்டு மனைவி, மகளோடு கேம்பல் பேக்குப் போவதாகச் சொன்னார். இந்தக் காலை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்யப் போகிறாய் என்றேன். "அங்க மலை பெருசு சார். பாதை பாக்க ஆள் வேணும்ல" என்றார். ஏற்றத்தில் பரவாயில்லை, இறக்கத்தில்தான் கால் படுத்துகிறது என்றார். நிமாய்க்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள் பிறந்ததைச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல அரைமணி நேரம் இருந்தது, சொல்லவில்லை. கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒரு கடிதம் வரும், மகள் கையெழுத்தில். எந்த ஓடை எந்த மாதம் வற்றுகிறது, எந்த மேட்டில் வழி இருக்கிறது என்றே இருக்கும். சிலவற்றுக்குப் பதில் போட்டேன். பலவற்றுக்குப் போடவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது லட்சுமிக்கு எழுத வேண்டும். அப்பாவின் படம் ஏதாவது இருக்கிறதா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறாள். இல்லை. மலையை, ஓடையை, நிலத்தையெல்லாம் படமாக்கிய நாங்கள் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அனுப்ப என்னிடம் ஒரு சங்கதி மட்டும் இருக்கிறது.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி யார் கேட்டாலும் 'படத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது' என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். பிழை தானாக நேர்ந்த மாதிரி. என் மனைவிக்குக்கூட அப்படித்தான் தெரியும். மாணிக்கம் அதை ஒரே தடவை, பெரிய அதிகாரி முன்னால், என்னை வைத்துக்கொண்டு நேராகச் சொன்னார். அப்படிச் சொல்ல எனக்கு இத்தனை காலமும், அவருடைய சாவும் வேண்டியிருந்திருக்கிறது. அந்த வார்த்தையை எழுதியது நான். பார்க்காமல் எழுதினேன். வேண்டாம் என்று சொன்ன மனிதர் பக்கத்தில்தான் இருந்தார். இதை என் கையால் எழுத முடிகிறதே, மாணிக்கத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.