செல்வி வீட்டுச் சுவரில் நான் மாட்டிய பலகை

மாங்காட்டு வீட்டில் நானே மரவேலை செய்யத் தொடங்கிய புதிது. சமையலறைச் சுவரில் டப்பா வைக்க நான் மாட்டிய பலகையைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுச் செல்வி தனக்கும் ஒன்று கேட்டாள். பெருமையோடு செய்து, அவள் கைக்குழந்தை தூங்கும் இடத்துக்கு மேலேயே மாட்டிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், என் வீட்டுப் பலகை டப்பாக்களோடு கீழே விழுந்தது. சுவரைப் பார்த்தேன். நான் போட்ட ஸ்க்ரூ மேல்பூச்சைத் தாண்டிச் செங்கலைத் தொடவே இல்லை. செல்வி வீட்டிலும் அதே ஸ்க்ரூதான்.

பாலிஷ் போட்டுத் தருவதாகச் சாக்குச் சொல்லிக் கழற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால், குழந்தை பலகைக்கு நேர் கீழே தூங்கிக்கொண்டிருந்தது.

"புள்ளையத் தூக்கு செல்வி. நான் தப்பா மாட்டிட்டேன், விழுந்துடும்" என்றேன்.

அவள் தூக்கிக்கொண்டாள். நான் லேசாக இழுத்ததுமே பலகை பூச்சோடு பெயர்ந்து கையில் வந்தது.

"சொல்லாமகூட கழட்டிகினு போயிருக்கலாம்கா. வந்து சொன்ன பாரு. இந்த தபா நல்லா மாட்டிக் குடு" என்றாள் செல்வி.

மறுநாள் நீளமான ஸ்க்ரூ போட்டு, வேறு சுவரில் மாட்டினேன். இருவருமே அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தோம். அசையவில்லை.

இப்போது தெருவில் பல வீடுகளுக்குச் செய்து கொடுக்கிறேன். என் கைமேல் எனக்கு நல்ல நம்பிக்கை உண்டு. என் தப்பை என் வாயாலேயே சொன்ன அந்த மத்தியானம் தந்த நம்பிக்கை அது.